தடித்த எழுத்தெல்லாம் தலைப்பு ஆகாது

ஒரு சின்னச் சோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் கடைசியாக டைப் செய்த பெரிய ஃபைல் எதையாவது திறந்துகொள்ளுங்கள். பையனின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அபார்ட்மென்ட் சங்கத்தின் ஆண்டறிக்கை, ஆபீஸ் மேனுவல், எதுவானாலும் சரி. வேர்டில் 'வியூ' பகுதிக்குப் போய் 'நேவிகேஷன் பேன்' என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். இடது ஓரத்தில் ஒரு பட்டை திறக்கும். அதில் உங்கள் தலைப்புகள் வரிசையாக வந்து நின்றால் நீங்கள் புண்ணியவான். பேசாமல் பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்க ஜோக்கைப் படிக்கலாம்.

பட்டை காலியாக இருக்கிறதா? அப்படியானால் உட்காருங்கள். கொஞ்சம் பேச வேண்டும்.

'காலியா இருக்க சான்ஸே இல்ல சார். இருபது தலைப்பு போட்டிருக்கேன். எல்லாம் பளிச்சுனு தெரியுதே!' என்பீர்கள்.

தெரிகிறது. யாருக்கு? உங்கள் கண்ணுக்கு. நீங்கள் செய்தது என்ன? வரியை மவுஸால் இழுத்துப் பிடித்தீர்கள். 'பி' பட்டனைத் தட்டித் தடிமனாக்கினீர்கள். சைஸை 16 ஆக்கினீர்கள். நடுவில் நிறுத்தினீர்கள். தாராள மனசு இருந்தால் அடிக்கோடும் போட்டீர்கள். ஆனால், 'இது தலைப்பு' என்று கம்ப்யூட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லவில்லை. அதைப் பொறுத்தவரை அது கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஒரு சாதாரண வரி. அவ்வளவுதான். காக்கிச் சட்டை போட்டவரெல்லாம் இன்ஸ்பெக்டரா என்ன? ஆட்டோ ஓட்டுகிறவரும்தான் காக்கி போடுகிறார்.

சொல்வதற்கு வழி இருக்கிறது. 'ஹோம்' பகுதியிலேயே 'ஸ்டைல்ஸ்' என்று ஒரு பெட்டி, அதற்குள் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று பெயர்கள். கர்சரைத் தலைப்பு வரியில் வைத்து அதில் ஒன்றைத் தட்ட வேண்டும். அல்லது கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். 1 என்றால் அத்தியாயம். 2 என்றால் அதற்குள் வரும் உட்தலைப்பு. 3 என்றால் அதற்கும் உள்ளே. இப்படி ஒன்பது நிலை வரை வேர்டில் உண்டு. எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்துவிட்டால், 'ரெஃபரன்ஸஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' என்பதை ஒரு க்ளிக். தலைப்புகளையெல்லாம் அதுவே பொறுக்கி, பக்க எண்ணையும் போட்டு, பொருளடக்கம் தயார். பைசா செலவில்லாத லிப்ரே ஆபீஸிலும், கூகுள் டாக்ஸிலும்கூட இதே சங்கதிதான்.

இவ்வளவு சுலபமான விஷயத்தை நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏன் செய்வதில்லை?

என் சந்தேகம் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மேல். லோயர், ஹையர் பரீட்சைக்குப் போனவர்களைக் கேளுங்கள். தலைப்பு நடுவில் வர வேண்டுமா? எழுத்துகளை எண்ணு. பாதியாக்கு. காகிதத்தின் நடுவிலிருந்து அத்தனை முறை பேக்ஸ்பேஸ் தட்டு. பிறகு அடி. அது ஒரு கலை. அதில் தப்பே கிடையாது. டைப்ரைட்டருக்கு ரிப்பனும் காகிதமும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. அதனிடம் 'இது தலைப்பு' என்று சொல்லவே முடியாது. தலைப்பு மாதிரி காட்டத்தான் முடியும்.

மெஷினை மாற்றினோம். வித்தையை மாற்றவில்லை. இன்றைக்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரியை நடுவுக்குத் தள்ளுகிறோம். என்டரைத் தட்டித் தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். பொருளடக்கத்தில் கோலப் புள்ளி மாதிரி வரிசையாகப் புள்ளி வைத்து, கடைசியில் பக்க எண்ணைக் கையால் டைப் செய்கிறோம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது டைப்ரைட்டர் வேலை பார்க்கிறது. கூடுதல் வசதி, நடுவில் சீட்டு விளையாடலாம்.

விளைவு என்ன? ஏதாவது ஒரு பல்கலைக்கழக வாசல் ஜெராக்ஸ் கடையில் ராத்திரி பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். நாளைக் காலை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாணவி நின்றுகொண்டிருப்பார். 'ரெண்டாவது சாப்டர்ல இன்னும் நாலு பக்கம் சேர்த்துடும்மா' என்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைடு சொல்லியிருப்பார். சேர்த்தாயிற்று. அதற்கப்புறம் வரும் அத்தனை பக்க எண்ணும் நகர்ந்துவிட்டது. பொருளடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். அண்ணன் ஸ்க்ரீனைப் பார்த்து எண் சொல்ல, தங்கை பேப்பரில் திருத்த, கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட, விடிந்துவிடும். ஸ்டைல் போட்டிருந்தால் எஃப் 9 கீயை ஒரு தட்டு. முடிந்தது வேலை.

நான் காமர்ஸ் படித்தவன். அதனால் எனக்கு இது கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. தலைப்புகள் லெட்ஜர். பொருளடக்கம் ட்ரயல் பேலன்ஸ். ட்ரயல் பேலன்ஸை யாரும் கற்பனையில் எழுதுவதில்லை. லெட்ஜரிலிருந்து எடுக்கிறோம். டேலி ஆகவில்லையென்றால் லெட்ஜருக்குத் திரும்பிப் போய்த் தப்பைத் தேடுகிறோம். ட்ரயல் பேலன்ஸிலேயே எண்ணை அழித்து மாற்றி எழுதினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? பொருளடக்கத்தைக் கையால் திருத்துகிறவர்கள் செய்வது அதைத்தான். திருத்தியதோடு நிற்குமா? யாராவது 'அப்டேட்' பட்டனைத் தட்டினால், கையால் செய்த அத்தனை திருத்தமும் காற்றோடு போய்விடும். 'வேர்டுல பேய் இருக்கு சார்' என்று அப்போது புலம்புவார்கள். பேய் இல்லை. வேர்டு லெட்ஜரைப் பார்க்கிறது. உங்கள் திருத்தம் லெட்ஜரில் இல்லை.

இந்தப் பேய்க் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். நாலைந்தைச் சொல்கிறேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டால் தப்பில்லை.

பொருளடக்கத்தில் ஒரு முழுப் பாராவே வந்து உட்கார்ந்திருக்கிறதா? ஒன்று, அந்தப் பாராவுக்குத் தெரியாமல் ஹெடிங் ஸ்டைல் போட்டிருக்கிறீர்கள். அல்லது தலைப்பு முடிந்ததும் வெறும் என்டருக்குப் பதிலாக ஷிஃப்ட்டோடு என்டர் தட்டியிருக்கிறீர்கள். அப்படித் தட்டினால் கண்ணுக்கு அடுத்த வரி. கம்ப்யூட்டருக்கு இன்னும் அதே பாரா.

நடுவில் வெறும் பக்க எண்ணோடு ஒரு காலி வரியா? எங்கோ ஒரு வெற்று வரிக்கு ஹெடிங் ஸ்டைல் போயிருக்கிறது. பாரா குறியைக் காட்டும் பட்டனைத் தட்டினால் மாட்டிக்கொள்ளும்.

ஒரு தலைப்பைத் தொட்டால் எல்லாத் தலைப்பும் நிறம் மாறுகிறதா? ஸ்டைலின் மேல் ரைட் க்ளிக் செய்து 'மாடிஃபை' போய்ப் பாருங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்ற இடத்தில் யாரோ டிக் போட்டிருப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

புதிய தலைப்பைச் சேர்த்தும் பொருளடக்கத்தில் வரவில்லையா? அப்டேட் செய்யும்போது இரண்டு கேள்வி கேட்கும். 'பக்க எண் மட்டும்' என்பதை விட்டுவிட்டு 'முழுப் பட்டியலும்' என்பதைச் சொல்லுங்கள்.

பொருளடக்கத்தின் எழுத்தும் இடைவெளியும் பிடிக்கவில்லையா? அங்கே போய்க் கையால் மாற்றாதீர்கள். 'டிஓசி 1', 'டிஓசி 2' என்று அதற்கும் தனி ஸ்டைல்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றுங்கள்.

கடைசியாக, மகுடம் வைத்தாற்போல் ஒன்று. ரெக்ஸின் அட்டை, பொன்னெழுத்தில் பெயர், உள்ளே பொருளடக்கத்தில் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக 'எரர்! புக்மார்க் நாட் டிஃபைன்ட்'. பைண்டாகி, கையெழுத்தாகி, அலமாரிக்குப் போன ஆய்வேடுகளில் இதைப் பார்க்கலாம். தலைப்பை அழித்திருப்பார்கள், அல்லது பொருளடக்கத்தை மட்டும் வேறு ஃபைலுக்கு வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அது எந்தத் தலைப்பைத் தேடிப் போகும், பாவம்? ஐந்து வருட உழைப்பு. முதல் பக்கத்திலேயே மெஷின் அழுகிறது. யாரும் கவனிக்கவில்லை.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. ஃபைல் பாமினி ஃபான்ட்டில் இருக்கிறது. ஹெடிங் ஸ்டைலும் ஒழுங்காகப் போட்டாயிற்று. பொருளடக்கத்தை எடுத்தால் 'தமிழ்' என்ற வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன்! காரணம் எளிது. பாமினியில் நீங்கள் அடித்தது உண்மையில் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுவிட்டது ஃபான்ட். பொருளடக்கம் தனக்கென்று வேறு ஃபான்ட் வைத்திருக்கிறது. வேஷம் கலைந்துவிட்டது.

கவனித்தீர்களா? இதுவும் அதே வியாதிதான். தடித்த எழுத்தைத் தலைப்பு என்று நம்பியது போல, தமிழ் மாதிரி தெரிவதைத் தமிழ் என்று நம்பினோம். யூனிகோடில் 1991-லிருந்தே தமிழுக்கு இடம் இருக்கிறது. 2010-ல் தமிழக அரசே அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதில் 'த' என்றால் எந்த ஃபான்ட்டுக்குப் போனாலும் 'த'தான். இன்னமும் பாமினியில் புத்தகம் அடிக்கிற கடைகள் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தின் ஃபைலில் ஒரு பெயரைத் தேட முடியாது.

இப்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். 'பிரின்ட் எடுத்தா ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்கு ஏன் சார் இவ்வளவு கத்தறீங்க?'

கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிரின்ட் எடுத்துக் கண்ணால் படிக்கிறவர்கள் மட்டும்தான் வாசகர்கள் என்று யார் சொன்னது? பார்வையில்லாத ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஸ்க்ரீன் ரீடர்தான் கண். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒரு இளைஞர் 2006-ல் ஆரம்பித்து வைத்த 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருள் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. பிரௌஸ் மோடில் ஹெச் என்ற ஒரு கீயைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 2 தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு. நீங்களும் நானும் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, வேண்டிய இடத்தில் நிற்கிறோம் அல்லவா? அதை அவர் செய்வது இப்படித்தான்.

நீங்கள் தலைப்பு என்று சொல்லாமல் வெறுமனே தடிமனாக்கியிருந்தால்? ஹெச் தட்டுவார். 'அடுத்த தலைப்பு இல்லை' என்று குரல் வரும். மறுபடி தட்டுவார். இல்லை. இருநூறு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். பாமினியில் இருந்தால் அந்தப் பாக்கியமும் கிடையாது. ஜே, கே, பி, ஓ என்று வாசிக்கும். உங்கள் ஃபைலில் தலைப்புகள் வெறும் அலங்காரம். அவருக்கு அவைதான் படிக்கட்டு. படிக்கட்டு இருக்க வேண்டிய சுவரில் படிக்கட்டு படத்தை வரைந்துவிட்டு, 'ஏறிக்கோ' என்கிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் வந்தது. மின்வடிவில் இருப்பவை அவர்களும் அணுகக்கூடியபடி இருக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. நடப்பது என்ன? வேர்டில் அடித்த உத்தரவைப் பிரின்ட் எடுக்கிறோம், கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் வைக்கிறோம், திரும்ப ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறோம். எழுத்தாக இருந்ததைப் படமாக்கிவிட்டோம். தலைப்பை விடுங்கள், அதில் எழுத்தே இல்லை. ஸ்டைல் போட்ட ஃபைலை வேர்டிலிருந்தே 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' கொடுத்தால், தலைப்புகளும் கூடவே போகும். பக்கவாட்டில் புக்மார்க்காகவும் நிற்க வைக்கலாம். பிரின்ட் கட்டளை வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

இன்னொரு கட்சி உண்டு. 'இது மைக்ரோசாஃப்ட் கிளப்பிவிட்ட வம்பு' என்கிற கட்சி. இல்லை. 1969-லேயே ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூன்று பேர், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அது என்ன என்று குறிக்கும் ஒரு முறையைச் செய்தார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்தே அதன் பெயர், ஜிஎம்எல். 1980-ல் ப்ரையன் ரீட் தன் பிஹெச்டிக்குச் செய்த 'ஸ்க்ரைப்' மென்பொருளும் அதையே சொன்னது. கணக்குப் பேராசிரியர்கள் கட்டுரை எழுதும் லேடெக்கும் அந்த வம்சம்தான். உங்கள் மொபைலில் திறக்கும் ஒவ்வொரு இணையப் பக்கத்திலும் தலைப்புக்கு ஹெச் 1 முதல் ஹெச் 6 வரை அடையாளம் இருக்கிறது. நம் ஊர் டிடிபி கடைகள் ஆண்டாண்டு காலமாகக் கட்டி அழுத பேஜ்மேக்கரில்கூட, 'இதைப் பொருளடக்கத்தில் சேர்' என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனை பேர் அதில் டிக் அடித்தார்கள்?

மைக்ரோசாஃப்ட்டுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். மறுக்கவில்லை. 'பி' பட்டனை மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, ஹெடிங் 1-ஐத் தட்டினால் யாரும் கேட்காத நீல நிறத்தில் வரச் செய்தவர்கள் அவர்கள்தான். 'அசிங்கமா இருக்கு சார்' என்று ஜனங்கள் ஓடியதில் ஆச்சரியமில்லை. ஆனால், ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு தலைப்பை உங்களுக்குப் பிடித்தபடி கறுப்பாக்கி, பெரிதாக்கி, ஃபான்ட் மாற்றி, அப்புறம் ஸ்டைல் பெட்டியில் ஹெடிங் 1 மேல் ரைட் க்ளிக் செய்யுங்கள். 'இப்போது தேர்ந்தெடுத்திருப்பதைப் போல மாற்று' என்று முதலிலேயே இருக்கும். அதைத் தட்டினால் ஃபைல் முழுக்க எல்லா அத்தியாயத் தலைப்பும் அப்படியே மாறிவிடும். நாளைக்குக் கைடு '14 பாயின்ட் போதும்' என்றால், ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

எனவே, என் சண்டை அந்த ஜெராக்ஸ் கடை மாணவியோடு இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சண்டை, சொல்லித் தர வேண்டியவர்களோடு. ஆய்வேட்டுக்கு விதிமுறைக் கையேடு போடுகிறார்கள். எழுத்து இந்த ஃபான்ட், தலைப்பு 14 பாயின்ட், தடிமன், நடுவில், வரி இடைவெளி ஒன்றரை, இடது மார்ஜின் இவ்வளவு. சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லர் தோற்றார். 'ஹெடிங் 1 பயன்படுத்து' என்ற மூன்று வார்த்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பிலோ, முதல் நாள் பாடமே போல்ட், இட்டாலிக், அண்டர்லைன். கடைசி நாள் பாடமும் பல இடங்களில் அதுதான். சர்ட்டிஃபிகேட் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பக்கக் கையேட்டைத் தூக்கிப் போடுங்கள். எல்லா ஸ்டைலும் அமைத்து வைத்த ஒரே ஒரு வேர்ட் ஃபைலைக் கொடுங்கள். 'இதில் டைப் செய்' என்று சொல்லுங்கள். அரை நாள் வேலை. இந்திய ஆய்வேடுகளையெல்லாம் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் மின்வடிவில் ஏற்றுவதற்கு 2009-லேயே யுஜிசி விதி வந்துவிட்டது. பிரதியைப் பெற்றுக்கொள்ளும் மேஜையில் இருப்பவர், நேவிகேஷன் பேனைத் திறந்து பார்க்கட்டும். காலியாக இருந்தால் திருப்பி அனுப்பட்டும். மார்ஜினை ஸ்கேல் வைத்து அளக்க நேரம் இருக்கிறதே, இதற்குப் பத்து நொடி போதும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை பையன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நீட்டி, 'எப்படிப்பா இருக்கு?' என்று கேட்டால், அட்டையைப் பார்த்து 'சூப்பர்' சொல்லாதீர்கள். 'எங்கே, நேவிகேஷன் பேனைத் திற' என்று சொல்லிப் பாருங்கள்.

முகம் போகிற போக்கைப் பார்த்தே மார்க் போட்டுவிடலாம்.